60 நாள் கழித்து எத்தனை மணிக்குப் பசிக்கும்?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கச்சி பெங்களூரில் இருந்து போன் பண்ணினாள். மாப்பிள்ளை ஆன்சைட்டில் அமெரிக்காவில் இருக்கிறார். மே மாத லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறாள், கூடவே அம்மாவும். ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டு ஐந்து நாள் ப்ளான்.

"அண்ணே, அங்க உள்ள ஓட்டல்ல சாப்பிட 60 நாள் முன்னாடியே டேபிள் புக் பண்ணணுமாமே? பண்ணவா, போய்ப் பாத்துக்கலாமா?"

ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது போல. பின்னாலிருந்து அம்மாவின் குரல்: "அறுபது நாள் கழிச்சு எனக்கு எத்தனை மணிக்குப் பசிக்கும்னு இப்பவே எப்படிடி சொல்றது?"

மூன்று பேரும் சிரித்தோம். போனை வைத்த பிறகுதான் அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று உறைத்தது. அம்மா இன்சுலின் போட்டுக்கொள்பவர். அவருடைய பசிக்கு எப்போதும் ஒரு கடிகாரம் உண்டு.

"சாயங்காலம் சொல்றேன்" என்றேன். ஒரு வாரம் ஆகிவிட்டது. "புக் பண்ணு" என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் நம்ம வழக்கம் தெரியும்தானே, கேள்வி எங்கிருந்து வந்தது என்று தோண்ட ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் :-) சோற்றுக்கு முன்பதிவு என்கிற பழக்கம் எப்படி வந்தது, யாருக்காக வந்தது என்று பார்த்தால் தங்கச்சிக்கான பதிலும் அதிலேயே கிடைக்கும் என்று தோன்றியது.

<b>தயிர்சாத டப்பா</b>

முதலில் ஒரு சின்ன கொசுவர்த்திச் சுருள்.

நான் புனே வந்த புதிது. ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருந்தார்கள். ஒரு தீம் பார்க்குக்குக் கூட்டிப்போனேன். பெயர் வேண்டாம். வாசலில் செக்யூரிட்டி பையைத் திறந்து அம்மா கட்டிக்கொண்டு வந்த தயிர்சாத டப்பாவை வெளியே எடுத்து வைத்துவிட்டார். வெளிச் சாப்பாடு உள்ளே கூடாதாம். அப்பாவுக்குச் சர்க்கரை, மாத்திரை போட்டிருக்கிறார் என்று சொல்லிப் பார்த்தேன். "உள்ளே ரெஸ்டாரண்ட் இருக்கு சார்" என்றார்.

இருந்தது. ஒரு மணிக்கு அதன் முன்னால் ஊரே நின்றது. முதலில் கூப்பனுக்கு ஒரு க்யூ, அப்புறம் சாப்பாட்டுக்கு ஒரு க்யூ. முக்கால் மணி நேரம் கழித்து நான் தட்டோடு திரும்பும்போது அப்பாவுக்குச் சட்டையெல்லாம் வியர்வை, கை நடுங்குகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மராத்திக்கார அம்மா எப்படியோ உள்ளே கொண்டு வந்திருந்த கடலைமிட்டாயை அவர் வாயில் போட்டுக்கொண்டிருந்தார். அப்பா அன்றைக்குத் தப்பித்துவிட்டார். அதற்குப் பிறகு பல வருஷம் இருந்துதான் போனார். ஆனால் அந்தக் கூப்பன் க்யூவை நான் மறக்கவில்லை.

எனவே "போய்ப் பாத்துக்கலாம்" என்று அம்மா விஷயத்தில் என்னால் லேசாகச் சொல்ல முடியாது. நிற்க.

<b>தந்தி அடித்தால் சோறு</b>

சோற்றுக்கு முன்பதிவு என்பது தீம் பார்க்கில் பிறந்தது இல்லை. அதை ஊரெல்லாம் கொண்டு போனது ரயில்.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் நீண்ட தூர ரயில் சாப்பாட்டுக்காக ஒரு ஸ்டேஷனில் நிற்கும். அரை மணி நேரம் கிடைத்தால் அதிகம். பயணிகள் ஓடிப்போய் உட்கார்ந்து, பணம் கொடுத்து, தட்டு வருவதற்குள் மணி அடித்துவிடும். போட்டது போட்டபடி ஓடுவார்கள். அதே சாப்பாட்டை அடுத்த ரயில்காரர்களுக்கு வைப்பார்கள் என்றுகூடச் சொல்வதுண்டு.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர் ஃப்ரெட் ஹார்வி. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர். 1876இல் கான்சாஸ் மாநிலத்தின் டொபீகா ஸ்டேஷனில், சான்டா ஃபே ரயில் பாதையில், ஓர் உணவகத்தை எடுத்து நடத்தினார். பின்னாளில் அந்தப் பாதையில் 80க்கும் மேல் 'ஹார்வி ஹவுஸ்'கள் இருந்தன. அவருடைய சூட்சுமம் சமையலில் மட்டும் இல்லை, தகவலில் இருந்தது. ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஊழியர் பெட்டி பெட்டியாக வந்து எத்தனை பேர் சாப்பிடப் போகிறார்கள் என்று கணக்கெடுப்பார். அந்த எண்ணிக்கை தந்தியில் அடுத்த ஸ்டேஷனுக்குப் போகும். ரயில் வந்து நிற்கும்போது மேசை தயார்.

நம்ம ஊரிலும் இதே கதைதான். வெள்ளைக்காரன் காலத்தில் முதல் வகுப்புப் பயணி கார்டிடம் சொன்னால், அவர் முன்னால் உள்ள ஸ்டேஷனுக்குத் தந்தி கொடுப்பார். ரிஃப்ரெஷ்மென்ட் ரூமில் சாப்பாடு ரெடியாக இருக்கும். வடக்கே கெல்னர், தெற்கே ஸ்பென்சர் என்று பெரிய கம்பெனிகள் இதை நடத்தின. மூன்றாம் வகுப்புக்காரர்களுக்குத் தந்தியும் கிடையாது, மேசையும் கிடையாது. கட்டுச்சோறுதான்.

அந்தத் தந்தியின் வாரிசை இப்போதும் பார்க்கலாம். ஊருக்குப் போகும் ரயிலில் காலை பத்து மணி வாக்கில் பேன்ட்ரிக்காரர் ஒரு துண்டுச் சீட்டோடு வந்து "சார், மீல்ஸ் வேணுமா? வெஜ்ஜா நான்வெஜ்ஜா?" என்று கேட்டு சீட் நம்பரைக் குறித்துக்கொள்வாரே, அது ஹார்வியின் கணக்குதான். ஐஆர்சிடிசியின் ஈ-கேட்டரிங்கில் பிஎன்ஆர் நம்பரைக் கொடுத்து, வரப்போகும் ஸ்டேஷனில் உள்ள ஓட்டலில் பிரியாணி சொல்வதும் அதே வகை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பதிவுக்கும் பசிக்கும் இடையே சில மணி நேரம்தான் தூரம். பத்து மணிக்குச் சொல்கிறோம், ஒரு மணிக்குப் பசிக்கிறது. சமையல்காரருக்கு எண்ணிக்கை தெரிகிறது, பயணிக்குச் சோறு நிச்சயம் ஆகிறது. ரெண்டு பேருக்கும் லாபம்.

<b>தண்ணீர் இல்லாத திறப்பு விழா</b>

சரி, ரயிலுக்கும் டிஸ்னிக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே இருக்கிறது.

வால்ட் டிஸ்னி சின்ன வயதில் வளர்ந்த மார்சலின் என்ற ஊர், அதே சான்டா ஃபே பாதையில் இருந்த ஊர். 15 வயதில் ஒரு கோடை விடுமுறைக்கு ரயிலில் பேப்பர், மிட்டாய், சோடா விற்கிற வேலை பார்த்திருக்கிறார். ஓடுகிற ரயிலில் பசித்தவன் என்ன விலை கொடுப்பான் என்பது அவருக்கு அந்த வயதிலேயே தெரிந்திருக்கும். 1955இல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது பூங்காவைச் சுற்றி ஒரு ரயில் ஓடியது. அதற்கு ஸ்பான்சர் யார் தெரியுமா? சான்டா ஃபே ரயில்வேயேதான்!

ஆனால் ஹார்வியின் பாடத்தை மட்டும் முதல் நாள் கோட்டை விட்டார்கள். 1955 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை, திறப்பு விழா. அழைத்தவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, சுமார் 28,000 பேர் வந்துவிட்டார்கள். பல பேர் கையில் இருந்தது போலி டிக்கெட். கொளுத்தும் வெயில். சாப்பாட்டுக் கடைகளில் சாப்பாடும் குடிபானமும் தீர்ந்துபோயின. பிளம்பர்கள் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய், கழிப்பறை இரண்டையும் சேர்த்து முடிக்க முடியவில்லை. வால்ட் கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார். குடிக்கத் தண்ணீர் இல்லை. சரியான முடிவுதான், ஆனால் நின்றவர்களுக்குத் தொண்டை வறண்டது வறண்டதுதான்.

அப்படியும் ஏழெட்டு வாரத்துக்குள் பத்து லட்சம் பேர் வந்தார்கள். இத்தனை பேரும் ஒரே நேரத்தில், பகல் பன்னிரண்டில் இருந்து இரண்டுக்குள், பசிக்கிறவர்கள். ராட்டினத்துக்கு நாள் முழுக்க க்யூவைப் பரப்பலாம். வயிற்றை அப்படிப் பரப்ப முடியாது. தீம் பார்க் சாப்பாட்டின் அடிப்படைச் சிக்கலே இந்த இரண்டு மணி நேரம்தான்.

1967இல் இன்னொரு மாற்றம். கடற்கொள்ளையர் படகுச் சவாரியோடு சேர்த்து அதே கட்டடத்துக்குள் 'ப்ளூ பேயூ' என்ற உணவகம் திறந்தது. எப்போதும் அந்தி நேரம் மாதிரி வெளிச்சம், மேசைக்குப் பக்கத்திலேயே படகுகள் மிதந்து போகும். (வால்ட் அதைப் பார்க்க இல்லை, 1966 டிசம்பரில் காலமாகிவிட்டார்.) அதுவரை சாப்பாடு என்பது பெரும்பாலும் வேடிக்கைக்கு நடுவில் ஓர் இடைவேளை. இப்போது சாப்பிடுகிற இடமே வேடிக்கை. வயிற்றுக்காக வருகிறவர்களோடு, பார்ப்பதற்காக வருகிறவர்களும் அதே நாற்காலிக்குப் போட்டி.

<b>டிவிக்குள் இருந்து ஓர் அம்மணி</b>

1971 அக்டோபர் 1இல் ஃப்ளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டு திறந்தது. கலிஃபோர்னியாவில் பூங்காவை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே ஓட்டல்கள். இங்கே சுமார் 25,000 ஏக்கர் நிலத்துக்கு நடுவில் இருக்கிறீர்கள். பசித்தால் அவர்கள் போடுவதுதான் சோறு. சிண்டரெல்லா கோட்டைக்குள் இருந்த உணவகத்தில் சாப்பிட வேண்டுமானால், காலையில் கேட் திறந்ததும் முதல் வேலையாக அங்கே போய் அன்றைக்குப் பெயர் கொடுக்க வேண்டும்.

1982 அக்டோபர் 1இல் எப்காட் வந்தது. ஏரியைச் சுற்றி நாடுகளின் அரங்குகள், ஒவ்வொன்றிலும் அந்த நாட்டுச் சாப்பாடு. ஃபிரான்ஸ் அரங்கின் உணவகத்துக்குப் பின்னால் இருந்தவர்கள் போல் பொக்கூஸ் உள்ளிட்ட மூன்று பெரிய ஃபிரெஞ்சுச் சமையல் மேதைகள். (இந்தியாவுக்கு அங்கே அரங்கு இல்லை, இன்றுவரை.) கூட்டம் அள்ளியது. அங்கேதான் எனக்குப் பிடித்த அத்தியாயம் வருகிறது.

பெரிய வெள்ளிப் பந்து மாதிரிக் கட்டடம் ஒன்று படங்களில் பார்த்திருப்பீர்கள். அதன் அடியில் 'வேர்ல்டுகீ' என்று சில கருவிகள் வைத்திருந்தார்கள். பெல் டெலிஃபோன் கம்பெனியின் தொழில்நுட்பம். திரையை விரலால் தொட்டால் தகவல் வரும். இன்னொரு இடத்தைத் தொட்டால் திரையில் ஒரு பணியாளர் நேரலையில் தோன்றி, உங்களைப் பார்த்து "எத்தனை பேர், எத்தனை மணிக்கு?" என்று கேட்டு மேசையைப் பதிவு செய்வார். வருஷம் 1982! நம்ம ஊரில் அப்போதுதான் ஏஷியாட் புண்ணியத்தில் கலர் டிவி வந்துகொண்டிருந்தது. டச் ஸ்க்ரீனும் வீடியோ காலும் சேர்ந்த ஒன்றை அங்கே பொதுமக்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்றால், மதியச் சாப்பாட்டுக்கு இடம் போட :-)

ஆனால் இங்கேயும் பதிவு அன்றைய தினத்துக்குத்தான். காலையில் கேட் திறந்ததும் ஜனங்கள் சவாரிகளை விட்டுவிட்டு அந்தத் திரைகளை நோக்கி ஓடினார்கள். காலை ஒன்பது மணி ஓட்டம், ஒரு மணிச் சாப்பாடு. ஹார்வியின் தந்திக்கும் இதற்கும் தூரம் அதிகம் இல்லை.

<b>மணிக்கணக்கு மாதக்கணக்கு ஆன கதை</b>

தொண்ணூறுகளில் இது தொலைபேசிக்கு மாறியது. ஊரிலிருந்து கிளம்புமுன்பே போன் பண்ணி இடம் போடலாம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ப்ரையாரிட்டி சீட்டிங்'. பெயரிலேயே விஷயம் இருக்கிறது. இது ரிசர்வேஷன் இல்லை. உங்களுக்காக யாரும் மேசையைக் காலியாக வைத்திருக்க மாட்டார்கள். சொன்ன நேரத்துக்கு வந்தால், அடுத்து காலியாகிற மேசை உங்களுக்கு. கல்யாணப் பந்தியில் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறோமே, அதன் நாகரிக வடிவம். பின்னால் பெயரை 'அட்வான்ஸ் டைனிங் ரிசர்வேஷன்' என்று மாற்றினார்கள். வேலை செய்யும் விதம் பெரிதாக மாறவில்லை.

மாறியது நாள் கணக்கு. 60 நாள் என்று இருந்தது 90 ஆகி, 180 ஆனது. ஆறு மாதம்! கோட்டை உணவகத்துக்குக் காலை ஏழு மணிக்கு லைன் திறந்தால் சில நிமிஷங்களில் தீர்ந்துவிடும் என்கிற நிலை. (தட்கல் டிக்கெட் எடுத்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.) 2005இல் டைனிங் ப்ளான் என்று ஒன்று வந்தது. பயணத் தொகையோடு சாப்பாட்டுக்கும் முன்பணம். பணம் கட்டியாகிவிட்டது, சாப்பிடாமல் விட்டால் நஷ்டம். இன்னும் கூட்டம்.

ஆறு மாதம் முன்னால் பதிவு செய்யச் சொன்னால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? ஒரே வேளைக்கு இரண்டு மூன்று இடத்தில் போட்டு வைப்பார்கள். அன்றைக்கு மனசு எது சொல்கிறதோ அங்கே போவார்கள். புத்தகத்தில் மேசை நிரம்பியிருக்கும், நேரில் நாற்காலி காலி. வெளியே பசியோடு ஒரு குடும்பத்துக்கு "இடமில்லை" என்று பதில் போகும். 2011இல் சில உணவகங்களில் வராதவர்களுக்கு ஆளுக்கு 10 டாலர் அபராதம் போட ஆரம்பித்து, பிறகு மேசையில் பரிமாறும் மற்ற உணவகங்களுக்கும் விரித்தார்கள்.

எனக்கு இங்கேதான் உறுத்துகிறது. தந்தி காலத்தில் முன்பதிவு என்பது சமையல்கட்டுக்கும் பசித்தவனுக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம். மாதக்கணக்கானதும் அது முழுக்கக் குடும்பத்தின் தலையில் ஏறிவிட்டது. எந்த நாள் எந்தப் பூங்கா, எத்தனை மணிக்கு எங்கே நிற்போம், பிள்ளைக்குக் காய்ச்சல் வருமா, மழை பெய்யுமா, எல்லாவற்றையும் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டியது வாடிக்கையாளர் பொறுப்பு. தவறினால் அபராதமும் அவருக்கே. அம்மா கேட்ட கேள்வி இதுதான், அவருக்கே தெரியாமல்.

2020 இதைக் கொஞ்சம் கலைத்துப் போட்டது. கொரோனாவில் மூடித் திறந்தபோது 180 நாள் 60 ஆகிவிட்டது. டைனிங் ப்ளானை நிறுத்தி வைத்து 2024 ஜனவரியில்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பே, 2017இல், மொபைல் ஆர்டர் வந்திருந்தது. போனில் சாப்பாட்டைச் சொல்லி, பணம் கட்டி, நேரத்தைக் குறித்துவிட்டு, தயார் என்றதும் போய் வாங்கிக்கொள்ளலாம். யோசித்தால் இது பழைய தந்திதான். பதிவுக்கும் பசிக்கும் இடையே திரும்பவும் மணிக்கணக்கு. ஒரு சுற்று சுற்றிப் பழைய இடத்துக்கே வந்திருக்கிறோம்.

<b>தங்கச்சிக்கு என் பதில்</b>

இத்தனை கதையிலிருந்து எனக்குக் கிடைத்த விடை இது. எல்லா வேளைக்கும் புக் பண்ணாதே. பண்ணாமலும் போகாதே.

சாப்பாடே வேடிக்கையாக இருக்கும் இடங்கள் உண்டு, கோட்டைக்குள் சிண்டரெல்லாவோடு சாப்பிடுவது மாதிரி. பாப்பா ஆசைப்பட்டால் அதில் ஒன்றே ஒன்றுக்கு 60ஆவது நாள் உட்கார்ந்துவிடு. அங்கே காலை ஆறு மணி என்றால் மே மாதக் கணக்குப்படி நமக்கு மதியம் மூன்றரை. ஆபீஸில் டீ நேரம், வசதிதான். ஆனால் கோட்டைக்கு முழுப் பணமும் முன்னாலேயே கட்ட வேண்டும், ஆற அமர யோசித்துக்கொள். டிஸ்னி ஓட்டலில் தங்கினால் அந்த 60ஆவது நாளிலேயே மற்ற நாட்களுக்கும் சேர்த்துப் போடலாம்.

அம்மாவுக்காக ஒரு நாளைக்கு ஒரு வேளை, மதியம், மேசை போட்டுவிடு. ருசிக்காக இல்லை. ஏ.சி.யில் ஒரு மணி நேரம் உட்காரவும், நேரத்துக்குச் சாப்பிடவும். கூட்டம் ஒரு மணிக்கு என்றால் நீ பதினொன்றரைக்குப் போடு. ஒரு நாள் அனிமல் கிங்டம் லாட்ஜில் உள்ள 'சனா'வைப் பார். ஆப்பிரிக்க, இந்தியச் சுவை கலந்தது. நான் ரொட்டியும் சட்னி வகைகளும் தட்டு நிறைய வரும், அம்மாவுக்கு ஒத்துப்போகும்.

மற்ற வேளைக்கெல்லாம் மொபைல் ஆர்டர் போதும். போக முடியாது என்று தெரிந்தால் அன்றைக்கே, இரண்டு மணி நேரம் முன்னாலாவது, கேன்சல் பண்ணிவிடு. 10 டாலருக்காகச் சொல்லவில்லை. அந்த நாற்காலிக்காக வெளியே யாராவது சர்க்கரைக்காரர் நின்றுகொண்டிருப்பார்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது. அங்கே வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டு போகலாம். கண்ணாடிப் பாத்திரமும் சரக்கும்தான் கூடாது. கௌண்டர் கடைகளில் கேட்டால் ஐஸ் தண்ணீர் சும்மாவே தருவார்கள். 1955இல் பட்ட பாடு ஞாபகம் இருக்கிறது போல :-) அதனால் அம்மா பையில் புளியோதரை, கொஞ்சம் கடலைமிட்டாய். மேசை எத்தனை போட்டாலும் இது கட்டாயம்.

இதையெல்லாம் நேற்று ராத்திரி போனில் சொன்னேன். தங்கச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதைச் சொல்ல ஒரு வாரமாண்ணே?" என்றாள். அம்மா போனை வாங்கி, "தயிர்சாத டப்பாவை உள்ள விடுவாங்களாடா?" என்று மட்டும் கேட்டார்.

விடுவார்கள் அம்மா.